குமுளி ரோடும் டோபமைனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய் வருகிறவர்களின் குடியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் பெட்ரோல் விலை, மழைக்காலச் சளி என்று வந்திருந்த மற்ற கேள்விகளை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். ஏறக்குறைய எல்லோரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சிகளைப் படித்து எழுதுகிறவன். மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்களைப் பார்க்கிற டாக்டருடையது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் வீட்டுக்காரர் கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர். முன்பெல்லாம் சம்பளம் போடும் சனிக்கிழமை மட்டும்தான் குடிப்பார். இப்போது காலையிலேயே வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. அவருக்கே தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற மருந்து இருக்கிறதாம், 1,500 ரூபாயாம். வாங்கலாமா அண்ணே?
*வாசகி, கூடலூர்*

வேண்டாம் தங்கச்சி, வாங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே பல நேரம் தெரியாது. ஒன்றுமே இல்லாத வெறும் பொடி என்றால் காசோடு போயிற்று. உள்ளே நிஜமாகவே டைசல்ஃபிரம் இருந்துவிட்டால்தான் ஆபத்து.

டைசல்ஃபிரத்தின் கதை ரப்பரில் தொடங்குகிறது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற ரசாயனங்களின் குடும்பம் அது. 1930களில் அமெரிக்காவில் அப்படிப்பட்ட ரசாயனத்தோடு புழங்கிய தொழிலாளிகளுக்கு ஒரு கிளாஸ் உள்ளே போனாலே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கிறது என்று அங்கிருந்த டாக்டர் எழுதி வைத்தார். அப்புறம் 1940களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இரண்டு பேர், குடல் புழுவுக்கு இது மருந்தாகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். விருந்தில் மது அருந்தியபோது அதே பாடு அவர்களுக்கும் வந்தது. 1948இல் அதைக் குடிநோய்க்கான மருந்தாக உலகத்துக்குச் சொன்னார்கள். விஷயம் இதுதான்: சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும், உடனே இன்னொரு நொதி அதை உடைத்துவிடும். டைசல்ஃபிரம் அந்த இரண்டாவது நொதியை முடக்குகிறது, நச்சு உடம்பில் தேங்குகிறது. வாந்தி, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் வரும். இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டைசல்ஃபிரத்தை வைத்து நடந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது, தான் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட்டவர்களிடம்தான் பலன் தெரிந்தது. எது மருந்து எது போலி என்று தெரியாமல் சாப்பிட்டவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ‘குடித்தால் தொலைந்தோம்’ என்ற பயம்தான் அங்கே பாதி மருந்து. தெரியாமல் கொடுத்தால் அந்தப் பயம் எப்படி வரும்? ஆபத்து மட்டும்தான் மிஞ்சும். டாக்டர் கொடுப்பதானால் ஒப்புதல் வாங்கி, குடித்துப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆன பிறகு, வீட்டில் ஒருவர் கண்முன் விழுங்கச் சொல்லிக் கொடுப்பார்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை கொடுத்தது அந்தக் கை நடுக்கம்தான். மலைப்பாதையில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க, ஜீப்பும் நின்றுவிடாமல் ஓட வேண்டும் என்றால் இன்னொருவர் ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் அழுத்த வேண்டும். வருடக் கணக்காகக் குடிக்கிறவர் மூளையில் நடப்பது அதுதான். சாராயம் காபா என்ற ரசாயனம் வழியாக மூளையை மந்தமாக்குகிறது, மூளை குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்தைக் கூட்டிச் சமாளித்துப் பழகிவிடுகிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் பிரேக் விடுபட்டு ஆக்ஸிலரேட்டர் மட்டும் நிற்கும். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். கால் முறிந்து ஆர்த்தோ வார்டில் படுத்திருக்கிற ஆள் மூன்றாம் நாள் ராத்திரி ‘சுவரெல்லாம் பூச்சி ஊருது’ என்று எழுந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மயக்கமருந்து ஏறிவிட்டது, காத்து கருப்பு என்றெல்லாம் சொல்வார்கள், உண்மையில் அது குடி நின்றதால் வந்தது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கோயிலில் கயிறு கட்டி அன்றைக்கே நிறுத்துகிறேன் என்று அவர் சொன்னாலும், இந்த நிலையில் வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் வாரத்தை டயஸிபாம் வகை மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்துக் கடத்துவார்கள், கூடவே தயமின் என்ற பி1 ஊசி போடுவார்கள். அந்த ஊசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், அது குறைந்தால் ஞாபகமே நிரந்தரமாகப் போகலாம்.

அதற்குப் பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்ற இரண்டு மருந்துகள் இருக்கின்றன. முதலாவதுக்கு அமெரிக்காவில் குடிக்காக அனுமதி கிடைத்தது 1994இல். முப்பது வருடம் ஆகியும் இந்தப் பெயர்கள் நம் ஊர் வீடுகளுக்கு வந்து சேரவில்லை, குழம்புப் பொட்டலம் வந்து சேர்ந்துவிட்டது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையாவது பெற்றிருக்கிறார்.

அப்பா, தாத்தா இருவருமே குடித்து இறந்தவர்கள். எனக்கும் ரத்தத்திலேயே வருமா?
*இளைஞர், சின்னமனூர்*

இரட்டையர்களையும் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையைச் சேர்ந்தது. ஒரே ஒரு ‘குடி ஜீன்’ என்று எதுவும் கிடையாது, நூற்றுக்கணக்கான சிறு சிறு பங்குகள். பாதுகாக்கிற ஜீனும் உண்டு: சீனா, ஜப்பான், கொரியாவில் நிறையப் பேருக்கு நான் மேலே சொன்ன அந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே மந்தமாக இருக்கும், டைசல்ஃபிரம் சாப்பிட்டவர் மாதிரி ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்துவிடும், அவர்கள் குடிக்கு அடிமையாவது குறைவு. உங்களைப் போன்றவர்களிடம் இன்னொன்றும் தெரிகிறது, குடிநோயாளிகளின் பிள்ளைகளில் பலருக்கு முதல் தடவையே அவ்வளவாகத் தலை சுற்றாது. ‘நமக்கெல்லாம் ஏறாது’ என்று நண்பர்களிடம் பெருமை பேசுகிற ஆள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர். தொடாதவருக்கு எந்த ஜீனும் குடியைக் கொண்டுவந்து கொடுக்காது. தொடுவதானால் எவ்வளவு தள்ளிப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, பதினைந்து வயதுக்குள் தொடங்கியவர்களுக்கும் இருபதுக்கு மேல் தொடங்கியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

குமுளியில் பழக்கடை வைத்திருக்கிறேன். குடி, பீடி எதுவும் இல்லை. தினமும் லாட்டரி எடுக்கிறேன், இரண்டு டிக்கெட்டில் ஆரம்பித்து இப்போது இருபது. கடன் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கடைசி நாலு எண்ணில் மூன்று பொருந்தி ஒன்று தப்பினால் மறுநாள் இன்னும் கூட எடுக்கிறேன். இதுவும் போதைதான் என்கிறாள் மகள். உடம்புக்குள் ஒன்றுமே போகவில்லையே, அப்புறம் எப்படி?
*வாசகர், குமுளி*

உங்கள் மகள் சொல்வது சரி. ரொம்ப நாள் மருத்துவர்களும் உங்களை மாதிரித்தான் நினைத்தார்கள். சூதாட்டத்தை, திருடாமல் இருக்க முடியாத கோளாறோடு சேர்த்து வேறு ஒரு அத்தியாயத்தில் வைத்திருந்தார்கள். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் அதை எடுத்து மது, ஹெராயின் இருக்கிற அத்தியாயத்துக்குள் போட்டது.

ஏன் என்றால், ஆதாரங்கள் பல பக்கத்திலிருந்து வந்து ஒரே இடத்தில் கூடின. நரம்பியலில் இருந்து வந்தது ரொம்ப விசித்திரமானது. பார்கின்சன் என்ற நடுக்குவாத நோய்க்கு, டோபமைன் என்ற மூளை ரசாயனம் போலவே வேலை செய்கிற மாத்திரை கொடுப்பார்கள். 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் பதினொரு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன் சூதாட்டப் பிரச்சினையே இல்லாத பெரியவர்கள், அந்த மாத்திரை தொடங்கிய பிறகு சூதாட்டத்தில் விழுந்திருக்கிறார்கள். மாத்திரையைக் குறைத்து நிறுத்தியதும் பலருக்கு அந்த வெறி தானாகவே அடங்கிவிட்டது. அறுபது வருட ஒழுக்கம் ஒரு மாத்திரையில் போய், மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வருகிறது என்றால் ‘புத்தி கெட்டவன்’ என்ற வசவுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

டோபமைனைச் சந்தோஷ ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளுக்குப் பழரசம் கொடுத்து அவற்றின் டோபமைன் செல்களை அளந்தார். எதிர்பாராமல் ரசம் வந்தால் செல் துடிக்கும். விளக்கு எரிந்தால் ரசம் வரும் என்று குரங்கு பழகிவிட்டால் ரசத்துக்குத் துடிக்காது, விளக்குக்கே துடிக்கும். விளக்கு எரிந்தும் ரசம் வராவிட்டால் செல் அடங்கிப் போகும். 2003இல் அவர் குழு இன்னொன்றைக் கண்டது: வருமா வராதா என்று சரிபாதி சந்தேகமாக இருக்கும்போது, காத்திருக்கும் நேரம் முழுக்க அந்தத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. மத்தியானம் மூன்று மணிக் குலுக்கலுக்கு முன்னால் கடையில் தராசைப் பிடிக்க முடியாமல் போனைத் தடவிக்கொண்டிருப்பீர்களே, அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் மூளைக்குச் சாராயம். பரிசு விழுந்தால் வருகிற மகிழ்ச்சி அதற்கப்புறம்தான். விரும்புவது வேறு, வேண்டியிருப்பது வேறு, இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழி என்று கென்ட் பெர்ரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1993இலிருந்து சொல்லி வருகிறார்கள். பிடிக்காமலேயே குடிக்கிறேன் என்று அழுகிற ஆள் பொய் சொல்லவில்லை.

ஒரு எண் தப்புகிற விஷயம்: கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழு 2009இல் ஸ்கேனருக்குள் ஆட்களை வைத்துச் சூதாட வைத்தது. மயிரிழையில் தவறிய ஆட்டங்கள் ஆட்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தன, ஆனால் ஜெயித்தால் எரிகிற மூளைப் பகுதிகளில் சில அப்போதும் எரிந்தன, இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடியது. கணக்குப்படி மூன்று எண் பொருந்துவதும் ஒன்றுமே பொருந்தாததும் ஒரே தோல்விதான். அப்புறம், டிக்கெட் கட்டைப் புரட்டி நம்பர் பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்கள் இல்லையா? எலன் லேங்கர் 1975இல் ஒரு டாலர் லாட்டரி டிக்கெட்டைப் பாதிப் பேருக்குத் தானே எடுத்துக்கொள்ளச் சொன்னார், மீதிப் பேருக்குக் கையில் கொடுத்தார். திருப்பி விற்கச் சொன்னபோது கையில் வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள், தானே தேர்ந்தெடுத்தவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள்.

இதில் உங்கள் ஊர் கேரள எல்லையில் இருப்பதும் ஒரு காரணம், அதை விட்டுவிட்டு மூளையை மட்டும் பேசினால் நியாயமில்லை. கேரளா 1967இல் லாட்டரிக்கென்று அரசுத் துறையே தொடங்கியது, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, டிக்கெட் ஒரு ரூபாய், பரிசு 50,000. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை. ஆக செக்போஸ்ட்டுக்குக் கீழே விற்றால் கேஸ், மேலே விற்றால் அரசு வருமானம். 2023 ஓணம் பம்பர் 25 கோடி வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்து அதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் வாங்கியிருந்தார்கள் என்று செய்தி வந்ததும் எல்லை ஊர்களில் எல்லாம் கூட்டம். விழாதவர்களைப் பற்றி யார் செய்தி போடுவார்கள்?

என்ன செய்வது என்றால், முதலில் கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுங்கள், மறைக்கிற கடன்தான் அடுத்த டிக்கெட்டை வாங்க வைக்கும். கடைக் கல்லாவை ஆறு மாதம் அவர் பார்க்கட்டும். சூதாட்டத்துக்கென்று சிந்தனை முறையை மாற்றும் உளவியல் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. சிலருக்கு நால்ட்ரெக்ஸோனும் உதவுகிறது. இதை விட்டு மொபைலில் ரம்மிக்குப் போய்விடாதீர்கள். ஆட்டம் எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்திருந்தாலும் திருட்டு ஆப்கள் சுற்றுகின்றன. கடன் நெருக்கடியில் ‘போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று ஒரு தடவை தோன்றினாலும் உடனே 14416க்கு அழையுங்கள், டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், காசு இல்லை.

சார், போதைக்குக் காரணம் தனிமைதான், எலிகளுக்குப் பூங்கா கட்டிக் கொடுத்ததும் மார்ஃபினைத் தொடவே இல்லை, மூளை நோய் என்பதெல்லாம் மருந்து கம்பெனிக் கதை என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?
*கல்லூரி மாணவர், உத்தமபாளையம்*

தம்பி, வீடியோ சொன்னதில் பாதி உண்மை. 1970களின் கடைசியில் கனடாவில் புரூஸ் அலெக்ஸாண்டர் அந்தப் பூங்காவை நிஜமாகவே கட்டினார். தனிக் கூண்டு எலிகள் மார்ஃபின் கலந்த தண்ணீரை நிறையக் குடித்தன, கூட்டமாக விளையாடிக்கொண்டிருந்தவை குறைவாகக் குடித்தன. ‘தொடவே இல்லை’ என்பது வீடியோக்காரர் சேர்த்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் அதே முடிவு வரவும் இல்லை.

மனிதர்களிடம் நடந்ததைக் கேளுங்கள், அதுவே போதும். வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ஹெராயின் சல்லிசாகக் கிடைத்தது. சாதாரணப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். இத்தனை பேர் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அரசு பயந்து லீ ராபின்ஸ் என்ற சமூகவியல் அறிஞரை ஆராயச் சொன்னது. அங்கே அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம், மூன்று வருடத்தில் எப்போதாவது அப்படி ஆனவர்கள் 12 சதவீதம். அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லை. காடு, பயம், கூட்டாளிகள், விலை எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் மாறிவிட்டன. மூளை நோய் என்று மட்டும் பார்த்தால் இதற்கு விளக்கம் இல்லை.

மறுபக்கம், நோரா வோல்கோ போன்ற மூளை ஆய்வாளர்கள் 1990களிலிருந்து எடுத்த ஸ்கேன்களில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்திருப்பது பல போதைகளில் தெரிந்தது. மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போதையை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆனவர்களிடம் டோபமைனைக் கையாளும் புரதங்கள் கணிசமாகத் திரும்பி வந்திருந்ததையும் அவர்தான் காட்டினார். பக்கவாதத்தில் மூளையின் இன்சுலா என்ற பகுதி சேதமானவர்கள் சிலர் சிகரெட்டை ஏக்கமே இல்லாமல் விட்டதை 2007இல் கண்டுபிடித்தார்கள். இதைக் கம்பெனிக் கதை என்று தள்ள முடியாது.

இரண்டையும் ஒரே கூண்டில் சேர்த்தது 2018இல் வந்த ஒரு ஆய்வு. மார்கோ வென்னிரோவும் யாவின் ஷாஹமும் போதைக்கு நன்றாகப் பழகிய எலிகளுக்கு இரண்டு நெம்புகோல் வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் போதைமருந்து, இன்னொன்றை அழுத்தினால் கதவு திறந்து இன்னொரு எலி. ஏறக்குறைய எப்போதும் எலிகள் எலியைத்தான் தேர்ந்தெடுத்தன. கதவு திறக்கத் தாமதமானால் அல்லது திறக்கும்போது ஷாக் கொடுத்தால் போதைக்குத் திரும்பின. என் கருத்தைக் கேட்டால், இந்தத் துறையில் நான் படித்ததிலேயே நம் ஊருக்கு நேராகப் பேசுவது இந்த ஆய்வுதான். மூளை பழுதானபோதும் துணை பக்கத்தில் இருந்தால் தேர்வு மாறுகிறது, துணை கிடைக்கத் தாமதமானாலோ அதற்கு அடி விழுந்தாலோ மறுபடி பாட்டில். குடிக்கிறவர் வீட்டுக்கு வந்தவுடன் விழுகிற ஏச்சை நினைத்துப் பாருங்கள். ஏசுகிற மனைவியைக் குறை சொல்லவில்லை, அவர் பட்ட பாடு அவருக்கு.

மறுவாழ்வு மையத்தில் இரண்டு மாதம் இருந்தேன், ஒரு நாள்கூட ஆசை வரவில்லை. ஊருக்கு வந்து குமுளி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வழக்கமாக நிற்கிற பொரிப்புக் கடை எண்ணெய் வாசனை பட்டதும் வாயில் எச்சில் ஊறியது, அன்றைக்கே மறுபடி குடித்துவிட்டேன். எனக்கு மன உறுதியே இல்லையா?
*தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியார்*

மையத்தில் ஆசை வராததற்குக் காரணம் அங்கே பொரிப்புக் கடை இல்லாததுதான். உங்கள் உறுதிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, இரண்டு மாதம் இருந்து காட்டியவர் நீங்கள்.

இடம் உடம்புக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு ஷெப்பர்ட் சீகல் 1982இல் செய்த சோதனை ஒன்று. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்குப் பெரிய அளவு ஊசி போட்டார். வழக்கமாக ஊசி போடும் அறையிலேயே போட்டபோது ஏறக்குறைய 32 சதவீதம் இறந்தன. அதே எலிகளின் கூட்டாளிகளுக்கு அதே அளவு, வேறு அறையில்: 64 சதவீதம். பழகிய அறையைப் பார்த்ததுமே உடம்பு மருந்தை எதிர்கொள்ளத் தயாராகிவிடுகிறது. ஊசி போடாமல் விட்டால் அந்தத் தயார்நிலைதான் ஏக்கமாக உணரப்படுகிறது. உங்கள் எச்சில் அதுதான். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: விட்ட முதல் சில வாரங்களில் இப்படிப்பட்ட வாசனை, இடம் கிளப்புகிற ஏக்கம் குறைவதற்குப் பதிலாக ஏறுகிறது, எலிகளிடமும் மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அனுப்புகிற மையங்கள் அந்த உச்சத்தில்தான் உங்களை பஸ் ஏற்றிவிடுகின்றன.

ஆகவே ஆறு மாதத்துக்கு குமுளி ஸ்டாண்டில் இறங்காதீர்கள், முந்தின நிறுத்தத்திலோ பிந்தின நிறுத்தத்திலோ இறங்கி ஆட்டோ பிடியுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் மனைவி கணக்கில் போடச் சொல்லுங்கள். பசியோடு அந்த வழி போகாதீர்கள். இன்னொன்று, அமெரிக்காவில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்பவர் 1990களில் கொக்கைன் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் சோதனையில் சுத்தமாக இருந்தால் கூப்பன் கொடுத்தார், தொடர்ந்து சுத்தமாக இருந்தால் கூப்பன் மதிப்பு ஏறும், தவறினால் ஆரம்பத்துக்கு இறங்கும். லஞ்சம் கொடுத்து நல்லவனாக்குவதா என்று கேலி செய்தார்கள். கொக்கைன், மெத்துக்கு மருந்து இல்லாத நிலையில் இன்றுவரை வலுவான ஆதாரம் உள்ள சிகிச்சை அதுதான். வீட்டில் செய்யலாம்: குடிக்காத ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளுக்குப் பரோட்டா, நாலு சேர்ந்தால் தேக்கடி. குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஏ.ஏ. கூட்டம் பக்கத்தில் இருந்தால் போங்கள். நானும் அதை வெறும் பஜனை என்று நினைக்கிறவர்களோடு பேசியிருக்கிறேன். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்ததில் ஒரு வருடம் தொட்டே பார்க்காமல் இருப்பதில் அது மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் முன்னால்தான் நிற்கிறது.

ஒரு நாள் தவறியது ஒரு நாள்தான். மறுநாள் காலை டாக்டரிடம் போனீர்களா என்பதைத்தான் நான் கேட்பேன்.

ஏலக்காய் எடுக்கிற பெண்கள் நாங்கள் எல்லோரும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறோம். குளிருக்கு இதமாக இருக்கிறது. இதையும் விடணுமா?
*வாசகி, போடிநாயக்கனூர்*

விடத்தான் வேண்டும் அக்கா, வாய்ப் புற்றுநோயில் இந்தியா உலகத்துக்கே முன்னால் நிற்பது இதனால்தான். நிக்கோட்டின் குளிரைப் போக்காது, போன வாய் புகையிலை இறங்கினதால் வருகிற எரிச்சலை அடுத்த வாய் ஆற்றுகிறது, அதைத்தான் இதம் என்கிறோம். 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும், மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், எச்சிலோடு விழுங்கினால் வயிறு எரியும். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், வாய் திறக்க இறுக்கமாக இருந்தால் சூயிங்கம் இருக்கட்டும், முதலில் பல் டாக்டர்.

கடைகளை எல்லாம் மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இத்தனை ஆராய்ச்சி எதற்கு?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், கம்பம்*

ஐயா, விலை ஏறினால், கடை குறைந்தால், நேரம் குறைந்தால் குடி குறைகிறது, இதில் பொருளாதார ஆய்வுகளுக்குள் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஒரே ராத்திரியில் மூடினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மாநிலத்தில் 2020 மார்ச் ஊரடங்கில் பார்த்தோம். கேரளாவில் மதுக்கடை மூடியதும் நடுக்கம், வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வந்தார்கள், தற்கொலைச் செய்திகள் வந்தன. அரசு பதறிப் போய், டாக்டர் சீட்டு எழுதினால் மது தரலாம் என்று உத்தரவு போட்டது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2ஆம் தேதி அதற்குத் தடை போட்டது. டாக்டர்கள் சொன்னது சரிதான், அந்த நேரத்துக்கு மருந்து டயஸிபாமும் தயமினும். ஆனால் அதைக் கொடுக்க எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்கள் தயாராக இருந்தன? மூடுகிற திட்டம் எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். நம் பக்கம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் என்ற விஷம் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்ததும் நினைவிருக்கும், அவர்கள் யாரும் கடை இல்லாத ஊர்க்காரர்கள் இல்லை, கடைச் சரக்கு வாங்கக் காசு இல்லாதவர்கள்.

ஆராய்ச்சி எதற்கு என்றீர்கள். கோவாவில் அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழு, மனநல மருத்துவரே இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வந்த அதிகக் குடிகாரர்களோடு நாலு தடவை வரை பேச வைத்தது. மூன்று மாதத்தில் அபாயக் குடியிலிருந்து விலகியவர்கள் 36 சதவீதம், அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 26 சதவீதம். 2017இல் வெளிவந்தது. கை நடுக்கம் வரைக்கும் போய்விட்ட கூடலூர் தங்கச்சி வீட்டுக்காரருக்கு இது போதாது, அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிற ஆயிரம் பேருக்குப் போதும். பத்துப் பேரில் ஒருவர் கூடுதலாகத் தப்பினால் ஒரு ஜீப்பில் ஒரு ஆள் கணக்கு.

அண்ணனை ஒரு மையத்தில் சேர்த்தோம், பார்க்கப் போனால் காலில் சங்கிலி. கேட்டதற்கு ‘இவனுகளை இப்படித்தான் வைக்கணும்’ என்கிறார்கள்.
*வாசகர், தேவாரம்*

இன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். 2017 மனநலச் சட்டம் போதை நோயையும் மனநோயாகவே சேர்த்திருக்கிறது, எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போட்டோ எடுத்திருந்தால் சேர்த்து. மாற்று மையம் தேடவும் ஆலோசனை கேட்கவும் மத்திய அரசின் 14446 எண் இருக்கிறது. சேர்க்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: உரிமம் எங்கே, தினமும் வருகிற டாக்டர் யார், வாரம் ஒரு தடவையாவது நாங்கள் பார்க்கலாமா. மூன்றாவதுக்கு முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

உடம்பு இளைக்கப் போடுகிற ஊசி குடியையும் குறைக்கிறதாமே? இங்கே கிடைக்குமா?
*வாசகர், கட்டப்பனை*

செமாக்ளூடைடைச் சொல்கிறீர்கள். சர்க்கரைக்கும் எடைக்கும் போட்டுக்கொண்டவர்கள் ‘பீர் பக்கமே போகத் தோன்றவில்லை’ என்று சொல்லத் தொடங்கியதால் ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2025இல் 48 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வில், ஊசி போட்டவர்களுக்குக் குடிக்கிற நாளில் உள்ளே போகிற அளவும் ஏக்கமும் குறைந்தன, குடிக்கிற நாட்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. பெரிய ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன. குடிக்கென்று அதற்கு இன்னும் அனுமதி கிடையாது, அதனால் மெடிக்கலில் கேட்டு வாங்கி நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் நால்ட்ரெக்ஸோன் பற்றிக் கேளுங்கள். கல்லீரல் சோதனை ஒன்று எடுக்கச் சொல்வார், ஒழுங்காக எடுத்துக்கொண்டு போங்கள்.